மூன்றாவது ஓலை

தூத்துக்குடியில் பாய்மர வள்ளத்துக்குத் தலைவராக, தண்டலாக இருந்த பர்னபாஸ் யாரையும் அதட்டிப் பேசமாட்டார். ஜெபம் சொல்லாமல் வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கவிடமாட்டார். இவ்வளவு சாதுவான மனுஷன் தம் ஒரே தங்கையின் கல்யாணத்தைக் கோயிலில் எழுந்து நின்று நிறுத்தினார் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்.

அது அறுபத்தேழில் நடந்தது. தங்கை இஞ்ஞாசிக்குத் துறைமுக ஆபீஸில் வேலை பார்த்த செல்வதுரையைப் பேசி முடித்திருந்தார்கள். சாத்தான்குளத்துக்காரர், சி.எஸ்.ஐ. சபை. என்றாலும் பெண்வீட்டுக் கத்தோலிக்கக் கோயிலிலேயே தாலி கட்டச் சம்மதித்திருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று அறிவிப்பார். மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள் மீன் ஏலத்தில் ஒருவன் பர்னபாஸ் காதில் போட்டான்.

"மாப்பிள்ளைக்கு ஊர்ல பொண்டாட்டி பிள்ள இருக்குவே. என் கண்ணால பாத்தேன்."

மறைத்தால் பாவம் என்று பர்னபாஸுக்குப் பட்டது. மறுநாள் ஓலை வாசித்ததும் எழுந்து சொல்லிவிட்டார்.

ஏலத்தில் சொன்னவன் பார்த்த பெண் செல்வதுரையின் மதினி. இறந்துபோன அண்ணனின் மனைவி. பிள்ளையும் அண்ணன் பிள்ளை. பஸ் ஏறிப் போய் ஒரு எட்டு விசாரித்திருந்தால் அரை நாளில் தெரிந்திருக்கும். அது தெரியவருவதற்குள் இஞ்ஞாசி வீட்டைவிட்டுப் போய், சாத்தான்குளத்தில் தாலி கட்டிக்கொண்டாள். அவள் பக்கம் நிற்க ஒரு ஆள் இல்லை. பிறகு பக்கத்திலேயே முத்தையாபுரத்தில்தான் குடியிருந்தாள். ஒன்பது வருஷம் அண்ணன் தங்கைக்குள் பேச்சில்லை.

எழுபத்தாறு ஜனவரி இருபத்தாறு, லீவு நாள். துறைமுக ஆபீஸ் குடும்பங்கள் காசுவாரித் தீவுக்குப் பறவை பார்க்கப் போக வள்ளம் பேசியிருந்தார்கள். யார் யார் வருகிறார்கள் என்று பர்னபாஸ் கேட்டுக்கொள்ளவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வொருவராகக் கைகொடுத்து ஏற்றினார். ஏழாவதாக நீண்ட கை இஞ்ஞாசியுடையது. பின்னால் ஆட்கள் நின்றதால் அவள் திரும்பிப் போகவில்லை.

வாடைக் காற்று எதிர்த்து வீசியது. பாயை இப்படியும் அப்படியும் மாற்றிக் கட்டித்தான் போகவேண்டியிருந்தது. வள்ளத்தில் ஒரே சிரிப்பு. பாய் இழுத்த வளன் ஆபீஸ்காரர்களைச் சீண்டிக்கொண்டே வந்தான்.

"தீவுப் பறவையெல்லாம் உங்கள மாதிரிதான் சார். காலையில வந்து உக்காரும், சாயந்தரம் எந்திச்சுப் போகும். நடுவுல என்ன சோலி பாக்குன்னு யாருக்கும் தெரியாது."

"ஏலே, நீ மட்டும் என்ன! பாயக் காத்து தள்ளுது, நீ பேர் வாங்குத" என்றார் ஒரு குமாஸ்தா.

தீவில் இறங்கியதும் ஆலாக்கள் ஆயிரமாய் எழும்பி மறுபடி உட்கார்ந்தன. ஓரத்தில் உள்ளான்கள் ஓடின. கல் எறியக் கூடாது, முட்டை தொடக் கூடாது என்று பர்னபாஸ் எல்லாரிடமும் சொல்லிவிட்டு, மீன் சுட உட்கார்ந்தார். இஞ்ஞாசியின் மகள் கிருபை பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, இந்தப் பறவைக்கெல்லாம் வீடு எங்க?"

"மாமான்னு சொல்லாத. தண்டல்னு சொல்லு" என்று தூரத்திலிருந்து தாயின் குரல் வந்தது.

அவர் குனிந்து தணலை ஊதினார். சற்று நேரத்தில் செல்வதுரை வந்து அருகே குந்தினார்.

"மச்சான், விசாகப்பட்டினத்துக்கு மாத்திட்டாங்க. வியாழக்கிழமை ரயில் ஏறுதோம். இனி எப்ப வருவோமோ. போய் ஒரு வார்த்த பேசுங்க. அவ வெளிய காட்டமாட்டா."

வெந்த பாறை மீனை இலையில் வைத்து எடுத்துக்கொண்டு பர்னபாஸ் போனார். அவள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"தப்பு என் மேலதான் இஞ்ஞாசி. விசாரிக்காமச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ."

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய?" அவள் திரும்பவில்லை. "கோயில்ல நின்னுதான சொன்னிய? அதே கோயில்ல நின்னு, நான் சொன்னது பொய்னு சொல்லுங்க. நாளைக்குக் காலப் பூசையில சொல்லுங்க. நான் வந்து கேக்கேன். கேட்டுட்டு ரயில் ஏறுதேன்."

பர்னபாஸின் கண்முன் கோயில் நிறைய முகங்கள் வந்து நின்றன. ஏலக்காரர்கள், வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிமார், மாதாசபைப் பெண்கள்.

"பாப்போம்" என்றார்.

அவள் இலையை வாங்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பறவைகள் பக்கம் நடந்தாள்.

திரும்பும்போது பின்காற்று. வள்ளம் பறந்தது. வழியில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். வார்த்தையைக் கூட்டுவதற்குள் கரை வந்துவிட்டது. இறங்கும்போது அவள் வளன் கையைப் பிடித்து இறங்கினாள்.

செவ்வாய்க்கிழமை பூசைக்குப் போனார். வாசற்படியிலேயே நின்றுவிட்டு வந்தார். பெண்கள் பக்கத்தில், கடைசித் தூணருகே முக்காடிட்டு இருந்தது அவள்தான் என்று பிற்பாடு வளன் சொன்னான். புதனும் அப்படியே போனது. வியாழக்கிழமை அவர்கள் ரயில் ஏறிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் உத்தரவு கேட்டு, பூசை முடிகிற நேரத்தில் எழுந்து நின்றார். "என் தங்கச்சி இஞ்ஞாசி கல்யாணத்துக்கு நான் சொன்ன தடை பொய். அவ புருஷன் உத்தமன்" என்றார். குரல் நன்றாகவே வந்தது.

முன்னால் இருந்த சம்மாட்டி ஒருவர் பக்கத்து ஆளிடம், "எந்த இஞ்ஞாசி? என்ன கல்யாணம்?" என்று கேட்டார். பக்கத்து ஆளுக்கும் தெரியவில்லை. யார் யாருக்குப் பயந்தாரோ, அவர்களில் ஒருவருக்கும் அது ஞாபகமில்லை.