ஃபர்ஹீன் சொல்லாமல் விட்ட வரி

உத்தமபாளையத்தில் ஃபர்ஹீன் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ‘கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டுது’ என்பார்கள் பக்கத்து வீட்டில். பெற்றவள் அக்தர் பேகமோ, ‘மருந்துக் கம்பெனி’ என்று பட்டும் படாமல் சொல்லி நிறுத்திக்கொள்வாள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் விஷம், கிஷம் என்று எதற்கு? ஓரளவு கிட்டத்தில் வந்தது சங்கிலி சொன்ன பதில்தான். அவளைப் பெற்ற அத்தா அப்துல் காதரின் திராட்சைத் தோட்டத்தில் ஃபர்ஹீன் பாவாடை கட்டிய நாளிலிருந்து வேலை பார்த்தவர் அவர். “எங்க பாப்பா வெசத்துக்கெல்லாம் ஜாதகம் கணிக்குதுல்ல!” என்று கம்பம் டீக்கடை வரைக்கும் போய்ப் பெருமையடித்துவிட்டு வருவார்.

ஜாதகம்தான், ஒரு வகையில். ஆய்வுக்கூடத்துக்கு விற்கிற ரசாயனப் புட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதுகாப்புத் தாள் வேண்டும். அந்தப் பொருள் உள்ளே போனால் என்ன ஆகும், தோலில் பட்டால் என்ன ஆகும், கண்ணில் தெறித்தால், மூச்சில் ஏறினால், வருஷக்கணக்கில் பழகினால், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஏதும் வருமா என்று ஒன்று விடாமல் பார்த்து வகைப்படுத்த வேண்டும். எலிக்கும் முயலுக்கும் கொடுத்துப் பார்த்த சோதனைகளை எல்லாம் படித்து, இது எந்த வகை, அந்த வகையில் எத்தனையாவது படி என்று முடிவு கட்ட வேண்டும். அதற்கேற்ப மண்டை ஓடோ, தீயோ, நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மனித உருவமோ, சிவப்புக் கட்டத்துக்குள் புட்டியில் ஏறும். சென்னைக் கம்பெனி. கொரோனா வந்தபோது வீட்டிலிருந்தே செய்யச் சொன்னார்கள், அப்படியே நிலைத்துவிட்டது. மாடி அறையில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே மேற்கு மலையைப் பார்த்துக்கொண்டு, எங்கேயோ இருக்கிற ஆய்வுக்கூடங்களில் யாரோ முகம் தெரியாத பிள்ளைகளின் கண்ணையும் கையையும் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணாம் நம்பருன்னா நல்லதுதான பாப்பா?” என்று சங்கிலி ஒருமுறை கேட்டார்.

“இல்லண்ணே. இதுல ஒண்ணாம் நம்பருதான் ஆகக் கெட்டது.”

“அட, நம்ம ஊரு பஸ்ஸு மாதிரியா! ஒண்ணாம் நம்பரு வண்டிக்குத்தான் பிரேக்கே இருக்காது.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சங்கிலியிடம் மட்டும் அவளுக்கு அப்படிச் சிரிப்பு வரும்.

மற்றபடி வீட்டில் அவள் வாய் ஓயாது. கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் போட்ட வேலைக்காரியைப் பார்த்து ஒருநாள் அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. கொசுவத்திச் சுருளைக் குழந்தை பக்கத்தில் வைக்காதே, பாச்சா உருண்டையைத் துணியோடு போடாதே. “இவளைக் கட்டிக்கிட்டுப் போறவன் மொகமூடி போட்டுக்கிட்டுத்தான் சோறு திங்கணும்” என்று அக்தர் பேகம் தலையில் அடித்துக்கொள்வாள். அப்படி வாய் ஓயாத பெண், சொல்ல வேண்டிய ஒரே ஒரு நாளில் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கதையில் அழ வேண்டிய இடம் அதுதான்.

போன வருஷம் ஒரு புட்டி அவள் மேசைக்கு வந்தது. சயனமைடு. ஆய்வுக்கூடத்துச் சரக்கு. விழுங்கினால் நஞ்சு, மண்டை ஓடு போட்டாள். தோலை அரிக்கும், அதற்கொரு படம். நெடுநாள் பழகினால் உறுப்புகளைக் கெடுக்கும் என்று சந்தேகம், அதற்கு நெஞ்சு வெடித்த மனிதன். எல்லாம் ஒழுங்காக அந்தந்த வகையில் போய் உட்கார்ந்தது. ஒன்று மட்டும் எங்கேயும் உட்காரவில்லை. இந்தப் பொருளைக் கையாண்ட உடம்பில் மது சேர்ந்தால், முகம் ரத்தமாகச் சிவக்கும், மூச்சு முட்டும், இதயம் தறிகெட்டு ஓடும், ரத்த அழுத்தம் படுத்துவிடும். வேலைக்கு முந்தின நாளும் குடிக்கக் கூடாது, வேலை முடிந்து சில நாட்களுக்கும் குடிக்கக் கூடாது. இதற்கென்று படம் கிடையாது, வகை கிடையாது, படி கிடையாது.

“அப்ப அந்த வரியை எடுத்துருங்க மேடம்” என்றார் மேலாளர் விஜயகுமார், சென்னையிலிருந்து போனில். “எந்த வகைப்பாட்டுலயும் வரலையே. தாள் வேற நீளமாகுது.”

“எடுக்க முடியாது சார்.”

“ஆய்வுக்கூடத்துல யாருங்க குடிக்கப் போறா?”

“வீட்டுக்குப் போய்க் குடிப்பாங்க சார். குடிக்கிறவங்களும் மனுஷங்கதான். அந்த வரி இல்லாம என் பேரு அந்தத் தாள்ல வரக் கூடாது.”

மனுஷன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவள் மசியவில்லை. கடைசியில் வரி நின்றது. அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மாடியிலிருந்து இறங்கி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

அதே வாரம்தான் தோட்டத்தில் கவாத்து முடிந்தது. சுருளிப்பட்டிப் பக்கம் பந்தல் எல்லாம் மொட்டையாக நின்றது. கவாத்து வெட்டியதும் கொடி ஒரே சீராக மொட்டு விடுவதற்கு ஒரு மருந்தைப் பஞ்சில் தொட்டுக் கணுக் கணுவாகத் தடவுவார்கள். அந்த வருஷம் கடைக்காரர் புதுசாக ஒரு கேனைக் கொடுத்தனுப்பியிருந்தார். வியாழக்கிழமை காலையில் அத்தாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன ஃபர்ஹீன், மோட்டார் ரூமில் அந்தக் கேனைப் பார்த்தாள். பேர் வேறு, பளபளப்பு வேறு. உள்ளே இருப்பது அவள் ஜாதகம் எழுதிய அதே சயனமைடுதான்.

“என்ன பாப்பா, கேனுக்கும் ஜாதகம் பாக்கப் போறியா?” என்று வந்தார் சங்கிலி. வாயில் கிராம்பு மணந்தது. முதலாளியின் முன்னால் வரும்போது அவர் எப்போதும் கிராம்பு மெல்லுவார். எதற்கு என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். சொல்லத்தான் மாட்டார்கள்.

“வெளையாடாதீகண்ணே. இது கெட்ட மருந்து. நான் சொல்றத நல்லாக் கேட்டுக்கங்க.”

சொன்னாள். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. முகத்தை மூட வேண்டும். காலில் பூட்ஸ். காற்றடிக்கும் பக்கம் பார்த்து நிற்கக் கூடாது. கை கழுவாமல் வெற்றிலை, பீடி ஆகாது. முடித்ததும் சோப்புப் போட்டுத் தலையோடு குளிக்க வேண்டும். போட்டிருந்த துணியை மற்றத் துணியோடு நனைக்கக் கூடாது. அப்துல் காதர் பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து மகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் பெருமை தாங்கவில்லை. சங்கிலியும் சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

அடுத்தது அந்த வரி. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அவள் வீட்டில் சாராயம் என்ற சொல்லையே யாரும் சொல்வதில்லை. ரொம்ப அவசரமென்றால் ‘அது’ என்பார்கள். குடித்துவிட்டு வந்த ஓர் ஆளை அத்தா அந்த நிமிஷமே வேலையை விட்டு அனுப்பியது அவளுக்கு நினைவிருக்கிறது. ஐவேளை தொழுகிற மனிதர். அவர் காதுபட, ‘அண்ணே, நீங்க குடிக்காதீக’ என்று எப்படிச் சொல்வது? சொன்னால் சங்கிலி குடிக்கிறார் என்று அவளே அத்தாவிடம் போட்டுக்கொடுத்தது ஆகாதா? இத்தனை வருஷம் கிராம்பை மென்று அந்த மனிதர் காப்பாற்றிய மானத்தை, எல்லாரையும் நிற்க வைத்து அவிழ்த்துப் போடவா?

மென்று விழுங்கினாள். “அவ்வளவுதாண்ணே” என்றாள்.

பொன்னாத்தாளிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள், அல்லா சாட்சி. சங்கிலியின் மனைவி பொன்னாத்தாள், பந்தலின் அந்தக் கோடியில் வெட்டிய குச்சிகளைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளை நோக்கி ஃபர்ஹீன் பாதி தூரம் நடந்தாள். அதற்குள் போன். இன்னொரு புட்டி, அவசரம், இன்றைக்கே வேண்டும். பேசிக்கொண்டே திரும்பி நடந்தவள், அப்படியே வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். ராத்திரி படுக்கும்போது நினைவு வந்தது. காலையில் சொல்லலாம் என்று புரண்டு படுத்தாள். காலையில் வேலை தலைக்கு மேல் கிடந்தது. சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று நினைத்தபடியே மத்தியானம் ஆகிவிட்டது. பாவி, ஒரு போன் போட எவ்வளவு நேரம் ஆகும்?

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை என்பதால் தோட்டத்தில் அரை நாள்தான் வேலை. அத்தா பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். சங்கிலி குளித்துவிட்டுக் கம்பத்துக்குப் போனார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருக்கு வழக்கம் அது.

மூன்று மணி வாக்கில் பொன்னாத்தாள் போன் செய்தாள்.

“தாயி, கம்பத்துல இருந்து வந்ததும் இவருக்கு மொகமெல்லாம் செவசெவன்னு போச்சு. கண்ணு ரத்தமா இருக்கு. மூச்சு வாங்குது. நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்குறாரு. வெயிலு ஏறிருச்சா என்னான்னு தெரியல.”

ஃபர்ஹீன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “அக்கா, குடிச்சாகளா?”

“வெயிலுதான் தாயி, வெயிலுதான்.”

“அக்கா! சொல்லுங்க!”

“லேசாத்தான் தாயி. அய்யாகிட்ட மட்டும் சொல்லிராத.”

“ஒடனே ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. இந்தா வந்துட்டேன்.”

அவள் கம்பத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது, விஷயம் கேள்விப்பட்டு அத்தாவும் தொழுகைத் தொப்பியோடு அங்கே வந்து நின்றார். சங்கிலியைப் படுக்க வைத்திருந்தார்கள். முகம் செங்கல் மாதிரி இருந்தது. டாக்டரம்மா பொன்னாத்தாளைக் கேட்டார்: “குடிக்கிற பழக்கம் உண்டா?”

பொன்னாத்தாள் அப்துல் காதரை ஒரு பார்வை பார்த்தாள். “அதெல்லாம் கெடையாதுங்க” என்றாள்.

“குடிச்சிருக்காக” என்றாள் ஃபர்ஹீன். குரல் உரக்க வந்தது. “மத்தியானம் குடிச்சிருக்காக. நேத்தும் இன்னைக்கும் திராட்சைக்குச் சயனமைடு மருந்து தடவிருக்காக. ரெண்டும் சேந்தா இப்படித்தான் ஆகும் டாக்டர்.” பிறகு என்ன செய்ய வேண்டும் என்று படித்ததை எல்லாம் மளமளவென்று கொட்டினாள். முந்தின நாள் தோட்டத்தில் வராத சொற்கள் அத்தனையும் அப்போது வந்தன. டாக்டரம்மா தலையாட்டிக்கொண்டே உள்ளே ஓடினார். சலைன் ஏற்றினார்கள், ஆக்ஸிஜன் வைத்தார்கள், தேனிக்கு அனுப்ப ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்து நின்றபோது சங்கிலியின் இதயம் நின்றுவிட்டது. இதயத்தில் முன்பே அடைப்பு இருந்திருக்கலாம், அது அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம், மருந்தும் மதுவும் சேர்ந்ததை அது தாங்கவில்லை என்றார் டாக்டரம்மா. இருந்திருக்கலாம். ஃபர்ஹீனுக்கு அதில் ஓர் ஆறுதலும் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரி நடையில் அத்தா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அன்று அழுதார்.

“அவன் குடிக்கிறது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?” என்றார். “கிராம்ப மென்னா மறைஞ்சுருமா? தெரியும்னு காட்டிக்கிட்டா அவன வேலைய விட்டு நிறுத்தணும். நான் ஒருத்தன நிறுத்துனவன், இவனுக்கு மட்டும் எப்படி வேற ஞாயம்? அவன விட மனசில்லம்மா. அதான் தெரியாத மாதிரியே இருந்துட்டேன்.”

ஃபர்ஹீன் வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தால்! யாரிடமிருந்து எதை மறைத்தாள்? ஆளுக்கு ஆள் மரியாதை பார்த்து, அத்தா, தான், பொன்னாத்தாள் என்று மூன்று பேருமாகச் சேர்ந்து அந்த மனிதரைக் கொண்டுபோய்க் குழியில் வைத்தார்களே என்று அவளுக்கு ஆங்காரமாக வந்தது. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தாள். விடவில்லை. புட்டிகள் வந்துகொண்டேதான் இருந்தன. ஆனால் அதற்குப் பிறகு மாடியில் உட்கார்ந்து தட்டுகிற ஒவ்வொரு வரியையும் அவள் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். தமிழில், சத்தமாக. கீழே அடுப்படியில் அக்தர் பேகம் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள், மேலே வந்து எதுவும் கேட்க மாட்டாள். கவாத்துக் காலம் மறுபடி வந்தபோது ஃபர்ஹீன் தோட்டம் தோட்டமாகப் போனாள். சுருளிப்பட்டி, கூடலூர்ப் பக்கமெல்லாம் போய், ஆம்பளைகள் நடுவில் நின்று, “இதத் தடவுனா குடிக்காதீக” என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். சிலர் சிரித்தார்கள். சிலர் ராவுத்தர் வீட்டுப் பெண் பேசுகிற பேச்சா இது என்றார்கள். என்ன சொன்னால் என்ன, அவளுக்கு உறைக்கவில்லை.

பொன்னாத்தாளைப் பார்க்கப் போவதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் போனாள். பொன்னாத்தாள் அவளைக் கட்டிலில் உட்கார வைத்து, காப்பி போட்டுக் கொடுத்து, பழைய பேச்செல்லாம் பேசினாள்.

“யாரு பேச்சையும் கேக்காத ஆளு தாயி அவரு. என் பேச்சு, பெத்தவ பேச்சு, எதையும் கேட்டதில்ல. நீ சொன்னத மட்டும் ஒண்ணு விடாமச் செஞ்சாரு. அந்த வெக்கையிலயும் கையொற கழட்டல. பீடியத் தொடல. ரெண்டு தடவ சோப்புப் போட்டுக் குளிச்சாரு. துணியத் தனியா வச்சு, ‘ஏலா, தொடாத, பாப்பா சொல்லிருக்கு’ன்னு என்னைய வெரட்டுனாரு.”

ஃபர்ஹீனின் கையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. “அக்கா, ஒண்ண மட்டும் நான் சொல்லாம விட்டுட்டேன்” என்றாள்.

“தெரியும் தாயி. ஆஸ்பத்திரில டாக்டரம்மாட்ட நீ சொல்லும்போதே தெரிஞ்சுச்சு, ஒனக்கு முன்னாடியே தெரியும்னு.” பொன்னாத்தாளின் குரலில் கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “ஏன் தாயி சொல்லல?”

“அத்தா இருந்தாக.”

பொன்னாத்தாள் ஆறிப்போன காப்பியை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

“நாலஞ்சு நாளுதான தாயி” என்றாள். “நீ சொல்லிருந்தா குடிக்காம இருந்திருப்பாரு.”