பெத்ரோவின் முந்நூறு டொலர்

பெத்ரோ என்ற உக்ரைன்காரருக்கு நான் முந்நூறு டொலர் கடன்பட்டிருந்தேன். 1997ஆம் ஆண்டுக் கடன். டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் மூன்று கடையும் ஒரு சலவை நிலையமும் வைத்திருக்கிற பாலேந்திரா ஒருவருக்கும் கடனில்லை என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். நானும்தான் சொல்லித் திரிந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இன்றைக்கு டெனிஷ்காரனுக்கே சம்பளம் கொடுக்கிறேன். சொல்லாமல் விடுவேனா? ஆனால் இந்த ஒன்று இருந்தது.

கீவ் நகரில், ஐரோப்பாவுக்கு அனுப்புவதாகக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் எங்களைப் பதினான்கு பேராக ஓர் அறைக்குள் அடைத்துவிட்டுக் காசோடு மாயமானான். ஏழு மாதம். பொலிஸுக்குப் பயந்து யன்னல் சீலையைக்கூட விலக்குவதில்லை. நான் ஒருவன்தான் துணிந்து சந்தைக்கு இறங்கினேன். அங்கே தோல் ஜக்கெட் விற்ற பெத்ரோவிடம் மூட்டை தூக்கினேன். சீக்கிரம் என்பதற்கு என்னிடம் கற்றுக்கொண்ட ஒரேயொரு தமிழ்ச் சொல்லால் என்னையே விரட்டுவார்: "கெதியா, கெதியா!" ஒருநாள் முந்நூறு டொலரை எண்ணித் தந்தார். போய்ச் சேர்ந்து அனுப்பு என்றார். வந்து சேர்ந்தேன். அடுத்த வருடம் அவருக்குப் போட்ட கடிதம் ஆளில்லை என்று திரும்பி வந்தது. அதன் பிறகு நான் தேடவில்லை. என் பிழைதான்.

2022இல் கொம்யூன் என்கிற நகரசபை மண்டபத்தில் உக்ரைன் அகதிகளுக்குச் சோறும் கோழிக்கறியும் கொண்டுபோய் நானே நின்று பரிமாறினேன். வரிசை நகரவில்லை. பின்னாலிருந்து ஒரு நரைத்த மனிதர் என்னையே பார்த்து, "கெதியா!" என்றார். பெத்ரோ! அகப்பையைப் போட்டுவிட்டு அவரிடம் ஓடினேன்.

எனது கோணல் ரஷ்ய மொழியில் அவர் கதையைக் கேட்டேன். அவர் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன். ஜக்கெட் விற்ற காசில் ஒரு சிற்றுந்து வாங்கினாராம். அது பன்னிரண்டானது. அப்போது சீனி ஆலை முதலாளி ஒருவர் வந்து, "தேர்தலிலை நில், செலவு என்ரை" என்றிருக்கிறார். பெத்ரோ வென்றார், எம்பி ஆனார்.

"பாராளுமன்றத்திலை விரல் என்ரை, பொத்தான் அவன்ரை," என்றார் பெத்ரோ. "வாக்கெடுப்புக்கு முதல் போன் அடிக்கும். 'ஓம்' எண்டால் ஓம், 'இல்லை' எண்டால் இல்லை. அஞ்சு வருசம், பாலா. உன்ரை கீவ் அறையைவிடப் பெரிய அறை, அவ்வளவுதான்."

"ஒருக்காலும் மாறிப் போடேல்லையோ, முதலாளி?" என்று கேட்டேன்.

"ஒருக்கால். எங்கடை ஊர் பஸ் நிலையத்தை அவனுக்கு விக்கிற சட்டம். இல்லையெண்டு அழுத்தினன். அடுத்த மாசம், தேர்தல் செலவுக்கெண்டு என்னட்டைக் கையெழுத்து வாங்கின பழைய கடன் பத்திரத்தைக் காட்டிப் பன்னிரண்டு பஸ்ஸையும் எடுத்துப்போட்டான்."

நான் அவரைக் கடைக்கு மேலேயுள்ள அறையில் வைத்தேன். சலவை நிலையத்தில் விரிப்பு மடிக்கும் வேலை கொடுத்தேன். வாடகை என்று அவர் நீட்டிய காசை மாதா மாதம் திருப்பிச் சட்டைப் பையில் திணித்தேன். விபோர்க் நகரில் எங்கள் ஆட்களின் பிறந்தநாள் என்றால் அவர் என்னோடு வருவார், பிரெடெரிசியாவில் கலியாணம் என்றாலும் வருவார். "எம்பி! என்ரை பழைய முதலாளி! இப்ப என்னட்டை இருக்கிறார்," என்று நிறுத்திப் படம் எடுப்பேன். அவர் சிரிப்பார். முந்நூறைக் கொடுக்க வசதியில்லாமல் இல்லை. சில்லறையாகக் கொடுத்துக் கணக்கை முடிக்க மனம் வரவில்லை. பெரிதாக ஒன்று செய்து, ஊர் பார்க்கத் தீர்க்க நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிறு அவர் என் சமையலறையில் வந்து நின்றார்.

"பாலா, விபோர்க்கிலை பேக்கரி வேலை கிடைச்சிருக்கு. ஒரு அறையும் பாத்திட்டன். முற்பணத்துக்கு இரண்டாயிரத்து நூறு குரோனர் குறையுது. அது உன்னட்டை இருக்கிற என்ரை முந்நூறு டொலர்தான், தா."

"என்ன கதைக்கிறியள், முதலாளி? இரண்டாவது கடையிலை உங்களுக்குப் பாதிப் பங்கு எழுதுறன். அறை சும்மா. வாற மாசம் கோயில் திருவிழாவிலை வைச்சு எல்லாருக்கும் சொல்லுவம்."

அவர் கதிரையில் உட்காரவில்லை. "சீனி ஆலைக்காரனும் இப்பிடித்தான் துவங்கினவன்," என்றார்.

எனக்குச் சுள்ளென்றது. அவனும் நானும் ஒன்றா? பழைய பத்திரத்தை நீட்டுகிற சாதியா நான்? கத்தத்தான் வாயைத் திறந்தேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த மனைவி ஞானேஸ்வரிக்கு ரஷ்ய மொழி தெரியாது. ஆனால் பெத்ரோவின் முகம் புரிந்தது.

"இஞ்சருங்கோ, அந்த மனிசன் போகக் கேக்குதெல்லே?"

"நான் என்ன கட்டியே வைச்சிருக்கிறன்?"

"கட்டேல்லை. தேர் மாதிரி இழுத்துக்கொண்டு திரியிறியள். தேருக்கும் வருசத்திலை ஒருநாள்தான்."

யன்னல் சீலை விலக்காத அந்த ஏழு மாதம் எனக்கு நினைவு வந்தது. வெளியே போக எனக்கும் அன்றைக்கு இதே தொகைதான் குறைந்தது. அவர் பாதிப் பங்கு கேட்கவில்லை, படம் எடுக்கவில்லை.

கடைக் காசுப் பெட்டியை எடுத்து வந்தேன்.

"இருபத்தேழு வருச வட்டியாவது..."

"முந்நூறு," என்றார்.

உள்ளங்கையை விரித்தார். மடித்த விரிப்புகளின் சலவைத்தூளில் தோல் வெடித்திருந்தது. ஐந்நூறு குரோனர் தாளை வைத்தேன். ஆயிரம். ஆயிரத்து ஐந்நூறு. என் கை தயங்கியது.

"கெதியா, கெதியா," என்றார் பெத்ரோ.

இரண்டாயிரம். அதன்மேல் அந்த நூறையும் வைத்தேன்.