உங்களைப் போலவே பேசிக் காட்டுகிறேன்

ஒருவர் தன் முகத்தை இரண்டு நிமிடம் படம்பிடித்து எனக்கு அனுப்பி, "எப்படி இருக்குக்கா?" என்று கேட்கும்போது, அவர் கேட்பது திருத்தத்தையா, தைரியத்தையா? இந்தத் தொழிலுக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் எனக்கு விடை தெரியவில்லை. திருத்தம் கேட்டவருக்குத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டேனோ, தைரியம் கேட்டவரைத் திருத்தியே நொறுக்கிவிட்டேனோ என்று குழம்பு கொதிக்கும்போதும் யோசிக்கிறேன், குழந்தைக்குத் துணி மாற்றும்போதும் யோசிக்கிறேன்.

தொழில் என்று சொன்னால் எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். அதனால் அது என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்கள், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்விக்குத் தாங்கள் சொல்லப்போகும் ஆங்கிலப் பதிலைப் போனில் பேசிப் பதிவு செய்து எனக்கு அனுப்புவார்கள். நான் அதைப் பார்த்துவிட்டு, மூன்று நான்கு நிமிட வீடியோவில் தமிழில் பதில் சொல்லி அனுப்புவேன். எங்கே குரல் விழுகிறது, எங்கே கண் ஓடுகிறது, எதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம் என்று. அதற்கு ஒரு கட்டணம். திருத்திக்கொண்டு இன்னொரு முறை பேசி அனுப்பினால் அதற்கும் பதில் உண்டு.

மகள் பிறப்பதற்கு முன்னால் வெளிவட்டச் சாலையில் ஒரு கம்பெனியில், புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். விடுப்பு முடிந்தபோது திரும்பிப் போக முடியவில்லை. ஆன்லைனில் நேரடி வகுப்பு எடுத்துப் பார்த்தேன். நான் சொன்ன நேரத்துக்கு என் மகள் தூங்கினதே இல்லை. பதிவு செய்து அனுப்புவதில் அந்தத் தொல்லை கிடையாது. அவள் தூங்கினால் பேசுவேன், எழுந்தால் நிறுத்துவேன். காக்ஸ் டவுனில் எங்கள் வீடு மாடியில், மாமியார் கீழே. பகலில் அவளைக் கொஞ்ச நேரம் அத்தை கீழே தூக்கிக்கொண்டு போனால் எனக்கு இன்னும் இரண்டு வீடியோ நடக்கும்.

என்னிடம் ஒரு முறை உண்டு. அவர்கள் செய்வதை வாயால் விவரிக்க மாட்டேன். முதலில் அவர்களைப் போலவே பேசிக் காட்டுவேன். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் ஒரு "சார்" ஒட்டுகிறவர் என்றால் நானும் ஒட்டுவேன். பதில் யோசிக்கும்போது சீலிங் ஃபேனைப் பார்க்கிறவர் என்றால் நானும் பார்ப்பேன். பிறகு அதே பதிலை, அதே சொற்களை, வேறு மாதிரி பேசிக் காட்டுவேன். ஒரு பாதி இப்போதைய அவர்கள், மறு பாதி அவர்கள் இனி ஆகக்கூடிய ஆள். இதற்கு முகம் வேண்டும். குரல் மட்டும் போதாது.

சந்தாபுராவிலிருந்து ஒரு பெண் அனுப்பினாள். ஏதோ எலக்ட்ரானிக் சாமான் பூட்டும் தொழிற்சாலையில் லைனில் நிற்கிறவள். ஒரு மருத்துவமனையில் வரவேற்பு மேஜை வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசை. ஆங்கிலம் நன்றாகவே வந்தது. ஆனால் பேசப் பேச அவளுடைய வலது கை மெல்ல எழுந்து வாய்க்கு முன்னால் வந்து நின்றுவிடும், கண் தரைக்குப் போகும். பெரியவர்களிடம் பேசும்போது அப்படி நிற்பதுதான் அவள் வளர்ந்த இடத்தில் மரியாதை. எனக்கும் அது புதிதில்லை. பள்ளியில் தலைமையாசிரியை அறைக்குள் நானும் அப்படித்தான் நின்றிருக்கிறேன். ஆனால் தேர்வு செய்கிறவருக்கு அது மரியாதையாகத் தெரியாது. எதையோ மறைக்கிறாள் என்று தெரியும்.

வழக்கம்போல் பேசிக் காட்டினேன். கை வாய்க்கு வந்தது, கண் தரைக்குப் போனது, குரல் கைக்குள்ளேயே செத்தது. பிறகு கையை மடியில் வைத்து, நிமிர்ந்து, அதே பதிலைச் சொன்னேன். நன்றாக வந்தது என்று எனக்கே தோன்றியது. அப்படித் தோன்றுவது அபூர்வம்.

சில நாட்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து, மாமியாரின் தங்கை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். செருப்பைக் கழற்றும்போதே போனை நீட்டினார்.

"ஏம்மா, இது நீதானே? எங்க கொயர் குரூப்ல வந்துச்சு."

நான்தான். வாயைப் பொத்திக்கொண்டு, தரையைப் பார்த்துத் திக்கிக்கொண்டிருந்தேன். முதல் பாதி மட்டும். நிமிர்ந்து பேசும் இரண்டாம் பாதியை யாரோ வெட்டிவிட்டார்கள். கீழே சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக.

"காமெடி சானல் ஆரம்பிச்சிட்டியா? சொல்லவே இல்லியே. சொல்லியிருந்தா சப்ஸ்கிரைப் பண்ணியிருப்பேன்ல? தோள்ல துண்டு வேற, பண்ணையாரம்மா மாதிரி!"

அது குழந்தை பால் கக்கினால் துடைக்கும் துண்டு. எடுக்க மறந்துவிட்டேன்.

"அது காமெடி இல்ல சின்னத்தை. ஒரு பொண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தேன்."

"அந்தப் பொண்ணு இப்படியா பேசுது? ஐயோ பாவம்!"

என் மாமியார் சிரிக்கவில்லை. போனை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். பல வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர். எதையும் சரிபார்த்த பிறகுதான் பேசுவார்.

"ஒரு ஏழைப் பொண்ணு உன்கிட்ட காசு குடுத்து வந்திருக்கு. அதப் பாத்து நீ இப்படி பழிப்புக் காட்டியிருக்கே. இதப் பாத்து அது எப்படி அழுதிருக்கும்? படிச்சவதானேம்மா நீ?"

அழுதிருப்பாளோ என்ற பயம் அந்த நொடியே எனக்குள் வந்துவிட்டது.

சாயங்காலம் கணவர் தன் தீர்ப்பைச் சொன்னார். "முகத்தை எடுத்துடு. வாய்ஸ் மட்டும் குடு. நடிச்செல்லாம் காட்ட வேணாம். எதுக்கு நமக்கு இந்தக் கிரிகிரி, தொல்லையெல்லாம்?"

சரி என்றேன். சரி என்று சொல்வது எனக்குக் கை வந்த கலை. சின்ன வயதிலிருந்து அதற்குத்தான் பாராட்டு வாங்கியிருக்கிறேன்.

அடுத்த சில வாரங்கள் என் முகம் இல்லாமல் வேலை செய்தேன். அவர்கள் வீடியோவையே ஓடவிட்டு அதன்மேல் குரல் மட்டும் கொடுத்தேன். "இங்கே கண் கீழே போகிறது, கேமராவைப் பாருங்கள்" என்றால், மறு வீடியோவில் ஏடிஎம் வாசல் செக்யூரிட்டி மாதிரி கேமராவை முறைத்தார்கள். "கையைத் தளர்வாக வையுங்கள்" என்றால் இரண்டு கையும் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. சொல்லால் சொல்ல முடிந்த விஷயமாக இருந்தால் அவர்களே எங்கோ படித்துக்கொண்டிருப்பார்களே. கோலார் தங்கவயலிலிருந்து ஏற்கெனவே இரண்டு முறை அனுப்பியிருந்த ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார்:

"அக்கா, வாய்ஸ் மட்டும் வருது, கஸ்டமர் கேர் மாதிரி இருக்கு. தமிழுக்கு ஒன்னை அழுத்தவும்னு சொல்லிடுவீங்களோன்னு பயமாயிடுச்சு. உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. நான் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு பயிற்சியாளர் இருந்தார். மேடையில் ஏறி, புதிதாகச் சேர்ந்தவர்கள் நடப்பதையும் உளறுவதையும் அப்படியே செய்து காட்டுவார். அரங்கம் கைதட்டும், நிர்வாகம் சால்வை போர்த்தும். அவரிடம் யாரும் "படிச்சவர்தானே நீங்க" என்று கேட்டதில்லை. தோளில் பால் துண்டு கிடந்தால் மட்டும் அது பழிப்பு ஆகிவிடுகிறதா?

ஆனால் சந்தாபுராப் பெண் அழுதிருந்தால் என் கோபத்துக்கு மதிப்பே இல்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை. செய்தி தட்டினேன், அழித்தேன், மறுபடி தட்டினேன். கடைசியில் கூப்பிட்டேவிட்டேன். பின்னால் பஸ் சத்தம். ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்தாள்.

"ஐயோ, அக்கா! நீங்களா? அத நான்தான்கா லைன்ல இருக்கிறவளுங்களுக்கு அனுப்பிச்சேன். பாருங்கடி, நான் இப்பிடித்தான் பேசிட்டிருந்தேன்னு. ஒருத்தி பாதிய கட் பண்ணி ஸ்டேட்டஸ்ல போட்டுட்டா. நல்லா திட்டிட்டேன் அவள."

"உனக்குக் கஷ்டமா இல்லையாம்மா?"

"மொதல்ல பாத்தப்போ ஒரு மாதிரி இருந்துச்சுக்கா. அப்புறம் எங்க அம்மாகிட்ட காமிச்சேன். அம்மா சிரிச்சாங்க. அம்மாவும் வாயப் பொத்திக்கிட்டுத்தான் சிரிச்சாங்க. அதப் பாத்து நானும் சிரிச்சிட்டேன்." பிறகு அவசரமாக, "இன்னொன்னு எடுத்து வச்சிருக்கேன்கா, அனுப்பட்டா? முகத்தோட சொல்லுங்கக்கா" என்றாள்.

அனுப்பினாள். பேசி முடிக்கும்வரை கை மடியிலேயே இருந்தது. கடைசிச் சொல் முடிந்து, பதிவை நிறுத்தப் போனை நோக்கிக் குனிந்தபோதுதான் வாய்க்குப் போனது. அந்த ஒரு நொடியை நான் பலமுறை ஓட்டிப் பார்த்தேன்.

அன்று கீழே எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது சொன்னேன். நான் சொன்னேன் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

"அத்தை, நாளையிலேருந்து முகத்தோடதான் பேசப்போறேன். அவங்க மாதிரியே பேசியும் காட்டப்போறேன்."

கணவர் அப்பளத்தைச் சின்னச் சின்னதாக உடைக்க ஆரம்பித்தார்.

"அவ்ளோ சொல்லியுமா?" என்றார் அத்தை.

"நீங்க இத்தனை வருஷம் டீச்சரா இருந்தீங்க. பிள்ளைங்க யாரும் உங்கள மாதிரி செஞ்சு காட்டினதில்லையா?"

"காட்டுவானுங்க. முதுகுக்குப் பின்னாடி."

"நான் மூஞ்சிக்கு நேரா செய்யறேன்."

"காசு வாங்கிக்கிட்டு."

"ஆமா அத்தை, காசு வாங்கிக்கிட்டுத்தான். வாங்கினதாலதான் சும்மா நல்லா இருக்குன்னு சொல்லி ஏமாத்த முடியாது."

அத்தை தட்டில் தண்ணீர் ஊற்றிக் கை கழுவினார். "அப்ப உன் வேலை நேரத்துல குழந்தைய நான் வச்சுக்க மாட்டேன். எனக்கு மனசு ஒப்பாத வேலைக்கு நான் ஒத்தாசை பண்ண மாட்டேன்."

அவர் சொன்னபடியே இருக்கிறார். மற்ற நேரமெல்லாம் பேத்தியைக் கொஞ்சுகிறார், நான் போனை ஸ்டாண்டில் மாட்டினால் மாடிக்குக் கொண்டுவந்து விட்டுவிடுகிறார். அதனால் இப்போது பல வீடியோக்களில் என் மகளும் இருக்கிறாள். மடியில் உட்கார்ந்து என் கொசுவத்தை இழுத்துக்கொண்டு. "பாப்பாவும் இன்டர்வியூ போர்டுலயா மேடம்?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம், அவளும்தான் என்று எழுதினேன். தோள் துண்டையும் எடுப்பதில்லை. யார் வேண்டுமானாலும் வெட்டிப் பரப்பிக்கொள்ளட்டும். என் பெயரில் போகும் இரண்டு பாதியும் என்னுடையதுதான்.

இவ்வளவு வீறாப்பாக எழுதிவிட்டு ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. "ஒரு மாதிரி இருந்துச்சு" என்று அவள் சொன்னதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. ஆகவே இப்போதெல்லாம் எல்லோரிடமும் முதலில் எழுதிக் கேட்கிறேன்: உங்களைப் போலவே பேசிக் காட்டட்டுமா? இதுவரை ஒருவர்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. "ஓகேக்கா." "உங்க இஷ்டம் மேடம்." "நீங்க எப்படி சொன்னாலும் சரிதான்கா." தங்களுக்கு மேலே இருப்பதாக நினைக்கும் ஆளிடம் மறுத்துப் பேசத் தெரியாமல்தான் அவர்கள் என்னிடமே வருகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் எனக்குக் கொடுக்கும் சம்மதத்தை நான் எப்படி நம்புவது?

இதைப் படிக்கிறவர்களில் ஆசிரியர்கள் இருப்பீர்கள், நர்சுகள் இருப்பீர்கள், பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவர்கள் இருப்பீர்கள். நிறுத்திவிடு என்று மட்டும் எழுதாதீர்கள். அதைச் சொல்ல எங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறது, நான் நிறுத்தப்போவதும் இல்லை. எல்லாவற்றுக்கும் சரி சொல்லியே வளர்ந்த ஒருவரிடம், அவர் பயமில்லாமல் "வேண்டாம்" என்று சொல்லும்படி ஒரு கேள்வியை எப்படிக் கேட்பீர்கள்? நீங்கள் கேட்கும் சொற்களை அப்படியே எழுதி அனுப்புங்கள்.