அண்ணன் தேடிக் கண்ட சாஸ்தா

அண்ணன் நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னார்கள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. முன்னும் பின்னுமாக வரும், மறதியும் உண்டு. சொந்தபந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்ததே அண்ணன் புண்ணியத்தில்தான்.

அப்பா இறந்தபோது நான் கைக்குழந்தை. அண்ணனுக்கும் விவரம் தெரியாத வயது. அப்பாவின் ஆட்களோடு மனத்தாங்கலாகி, அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு சங்கரன்கோவிலில் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அண்ணன் விளையாடுகிற வயதில் தறிக்கு நூல் தார் சுற்றப் போனார், பிறகு நெய்தார். என்னைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் தனக்குக் கல்யாணம் என்று இருந்தார்.

அண்ணனுக்கு ஒரே ஒரு குறை. பங்குனி உத்திரத்துக்கு அவரவர் குலசாமியான சாஸ்தா கோயிலுக்கு ஊரே கிளம்பும். எங்கள் சாஸ்தா எது என்று எங்களுக்குத் தெரியாது. அம்மா பழைய கோபத்தில் அந்த ஊர்ப் பெயரையே எடுக்காமல் கண்ணை மூடிவிட்டார்கள். புளியங்குடிப் பக்கம், குளத்துக்கரை, அவ்வளவுதான் தெரியும். பேரனுக்கு முதல் முடி அங்கேதான் இறக்க வேண்டும் என்று அண்ணன் பிடிவாதமாக இருந்தார். நாலு வயதாகியும் பிள்ளை சடையோடு திரிந்தான்.

அந்த வருஷ உத்திரத்தன்று வேன் பிடித்து எல்லாரும் போனோம். ஒரு குளத்துக்கரையில் சாஸ்தாவைப் பார்த்ததும் இதுதான் என்று அண்ணன் முடிவு செய்து, பொங்கலும் பொங்கிவிட்டது. அப்போது ஒரு குடும்பம் வண்டி கட்டி வந்து இறங்கியது.

"யாரு வே நீங்க? எங்க சாமிக்கு நீங்க பொங்குதிய?"

"கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி. சாமி தெரியாம தேடி அலையுதோம்" என்றார் அண்ணன்.

அவர் சிரித்துவிட்டார். "சரி, எறக்கிச் சாப்பிட்டுப் போங்க. உங்க சாமி கெடச்சா நாங்க அங்கன வந்து பொங்குதோம்!"

அண்ணனுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஊர்க் குளத்துக்கரையில் ஒரு அம்மாள் முதல் அகப்பைப் பொங்கலைப் பூவரசு இலையில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.  எங்கள் அம்மாவும் வீட்டில் பொங்கினால் அப்படித்தான் வைப்பார்கள். எங்கள் தெருவில் வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை. எனக்கு ஆள் முன்னால் பேச்சு வராது. அண்ணன் துண்டைப் பிடித்து இழுத்தேன்.

"என்னட்டி?" என்றவர், நான் காட்டிய பக்கம் பார்த்தார். "தாயி, இது யாருக்கு?" என்று அந்த அம்மாளிடம் கேட்டார்.

"சாஸ்தாவுக்குக் காவலுக்கு நிக்கவருக்கு. நம்ம பாத்தா அவரு சாப்பிட மாட்டாரு."

அம்மா சொன்ன அதே சொல். அண்ணன் அப்பா பெயரைச் சொன்னார். பக்கத்தில் இருந்த பெரியவர் எழுந்து வந்து அண்ணன் முகத்தைப் பிடித்துப் பார்த்தார். "சங்கரன்கோவில் போன பிள்ளையளா? இம்புட்டு நாளா எங்கலே போனிய?"

அம்மா இறந்தன்றும் கலங்காத அண்ணன், அங்கே தரையில் உட்கார்ந்து அழுதார். பேரனுக்கு முடி இறங்கியது.

கடைசி உத்திரத்துக்கு நெஞ்சுச் சளியால் அண்ணனால் வர முடியவில்லை. நான் பிரசாதம் கொண்டுபோனதும் கேட்டார்.

"எலையில வச்சியா?"

"வச்சேன் அண்ணே."

"திரும்பிப் பாக்கலையே?"

"பாக்கலை."

அதன் பிறகுதான் வாயில் வாங்கினார்.

படுக்கையில் அண்ணனைப் பார்த்துக்கொண்ட மதினிக்கும், வந்து தோள் கொடுத்த தறிக்காரர்களுக்கும், சாஸ்தா கோயில் பங்காளிகளுக்கும் கை கூப்புகிறேன்.

அண்ணன் மகனுக்கு ஒரு வார்த்தை. மருமகனே, வேனில் எனக்குத் தலை சுற்றும். கண்ணை மூடிக்கொண்டேதான் வருவேன். புளியங்குடி தாண்டி எந்தக் கைப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. அச்சுக்குக் கொடுக்குமுன் ஊர்ப் பெயரையும் வழியையும் சரிபார்த்து நீயே இதில் சேர்த்துவிடு. நம் பிள்ளைகள் இனி யாரிடமும் கேட்டு அலையக் கூடாது.