சாப்பாட்டு மேசையில் ஒரு கப்பல்

மகன் கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்தபோது எனக்கொரு மரக்கப்பல் கொண்டுவந்தான். முழுக் கப்பல் அல்ல. துண்டு துண்டாக ஒரு பெட்டிக்குள். ஓய்வுபெற்ற வாப்பா சும்மா இருந்தால் வீட்டாருக்குச் சுற்றறிக்கை அனுப்பத் தொடங்கிவிடுவார் என்று பயந்திருப்பான். நியாயமான பயம்தான்.

பிரதேச செயலகத்தில் நான் புரட்டிய எந்தக் கோவையும் அந்தக் கப்பலின் கையேட்டைப் போல ஒழுங்காக இருந்ததில்லை. துண்டுகளைச் சரிபார்த்து எனக்கு நானே பொறுப்புக் கொடுத்தேன். சட்டங்களை நிறுத்தி, மெல்லிய பலகைகளை ஊறவைத்து, வளைத்து ஒட்டினேன். பசை காயும்வரை அசைக்கக் கூடாது என்றது கையேடு. அதை எழுதியவர் கல்முனை மாரிமழையைக் கண்டதில்லை. உப்பே தண்ணீராகும் காற்றில் பசை எப்படிக் காயும்? வீட்டிலிருந்த உடுப்புக் கிளிப் அத்தனையையும் பலகைகளில் கவ்வவிட்டேன்.

அந்தக் கோலத்தில் கப்பல் சாப்பாட்டு மேசையில் கிடந்தபோதுதான், மகளைக் கேட்டிருந்த மாப்பிள்ளையின் வாப்பா வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குரியது. ஆகவே பெண்ணைவிட வீட்டைக் கவனமாகப் பார்ப்பார்கள். நானே ஒரு சூட்கேஸோடு மனைவியின் வீட்டுக்கு வந்தவன். மேசைமீது எனக்கு உரிமையில்லை.

அவர்கள் நோன்புக்கு முன் கலியாணம் கேட்டார்கள். மகளுக்கு ஒலுவில் கம்பஸில் கடைசிப் பரீட்சை நோன்புக்குப் பிறகு. அது முடியாமல் கலியாணம் இல்லை என்பதில் மகள் உறுதி. மனைவி அதைவிட உறுதி. அதைச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. உரிய வேளையில் சொல்வதாகச் சொன்னேன். அலுவலகத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்பது மனைவிக்கும் தெரியும்.

“இஞ்சாருங்க, அந்தச் சாமான மேசையால எடுங்க. வாற மனுசர் எங்க இருந்து தின்ற?”

“எடுத்தா பலகை கழண்டிரும் புள்ள. பாயப் போட்டு சஹன் வெச்சிரலாமே.”

“சஹன் கலியாணத்துக்கு. வீடு பார்க்க வாறவருக்கு, மேசை இல்லாத வீடெண்டு காட்டவா?”

“மேசைய அவர் காணுவார். கப்பலோட காணுவார்.”

ஜும்ஆ முடிந்து அவர் இரண்டு தம்பிமாரோடு வந்தார். பாயில் ஒரே சஹன் தாம்பாளத்தைச் சுற்றி நால்வரும் உட்கார்ந்து பாதிச் சோறு முடிந்திருக்கும். மேசையில் ‘டக்’ என்றொரு சத்தம். பலகையொன்று நிமிர்ந்தது, கிளிப் பறந்து வந்து கோழிக்கறிக்குள் விழுந்தது.

எல்லோர் கையும் நின்றது. அவர் அதை இரு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“இது ஆர்ர பங்கு, மச்சான்?”

தம்பிமார் சிரித்தார்கள். அவர் கைகழுவிவிட்டு நேரே மேசைக்குப் போனார். நான் பசை வைத்தேன். அவர் பெருவிரலால் பலகையை அழுத்திப் பிடித்தார்.

“விரல எடுத்தா என்ன?”

“மற்றப் பலகையும் வரும்.”

சமையலறை வாசலில் மனைவி முக்காட்டைச் சரிசெய்து, அவரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள்.

“காக்கா, ஒரு விசயம் கதைக்கணும்.”

“கதைங்க புள்ள. நான் எங்க போற?”

பரீட்சை விசயத்தைச் சொன்னாள்.

“நோன்புக்கு முந்தி எண்டு வீட்டில சொல்லிட்டு வந்தனே,” என்று இழுத்தார்.

“இவ்வளவு படிச்ச புள்ள கடைசிப் பரீட்சைய உடுறதா, காக்கா?”

அவர் என்னைப் பார்த்தார். “மச்சான், விரல எடுக்கலாமா?”

நான் குனிந்து பார்த்தேன். “இன்னும் கொஞ்சம்.” பொய்யில்லை, மழைக்காலம்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி புள்ள, படிச்சு முடிக்கட்டும். ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் புறகு கலியாணத்த வெச்சிரலாம். இப்பயாவது எடுக்கலாமா?”

“ஓம், ஓம்.”

வெயில் வந்ததும் நீலப் பெயின்ற் டின்னைத் திறந்தேன். அவர் பிடித்த இடத்தில் பெருவிரல் அடையாளம் பசையோடு தெளிவாகப் பதிந்திருந்தது. பூசுமுன் இப்படியானவற்றைத் தேய்த்து எடுக்கச் சொல்கிறது கையேடு. சாண்ட்பேப்பரை எடுத்தேன்.

“அத உரஞ்சிராதீங்க,” என்றாள் மனைவி. “நாளைக்கு, ‘படிச்சு முடிக்கட்டும் எண்டு நான் சொல்லல்ல’ எண்டு அவர் கதைச்சா?”

சுற்றிவர நீலம் பூசினேன். அந்த ஓரிடத்தில் மட்டும் மரம் தெரிகிறது.