மற்ற ஆறு மாதம்

பயிற்சி வார்டுகளுக்கான விருப்பப் பட்டியலை நாலு மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். புதிதாக டாக்டரான ஷிஃபானா, கிண்ணியாவில் தன் வீட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். பயிற்சி வருடத்தில் ஆறு மாதம் மருத்துவ வார்டு என்று போட்டாயிற்று. மற்ற ஆறு மாதம் சத்திரசிகிச்சையா, பிரசவ வார்டா? அந்தக் கட்டம்தான் காலியாகக் கிடந்தது.

வாப்பா ஜமால்தீனைக் கேட்டால் இதில் யோசிக்க ஒன்றுமேயில்லை. தன் சீமெந்துக் கடைக்கு வருகிற ஆளுக்கெல்லாம் "மகள் பிள்ளப்பேறு டொக்டர்" என்று எப்போதோ சொல்லி முடித்துவிட்டார். அவள் இன்னும் ஒரு பிள்ளையைக்கூடத் தனியாகக் கையில் ஏந்தவில்லை என்பது அவருக்குச் சின்ன விஷயம்.

"நம்மட பொம்புளயள் ஆம்புள டொக்டருக்கிட்டப் போகக் கூச்சப்படுறாங்க மகள். நீ அதப் போடு," என்றார், பகல் சாப்பாட்டுக்கு வந்த இடத்தில்.

"பாக்கிறன் வாப்பா."

அவள் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. படித்த ஊரில், இறுதி வருடத்தில், பிள்ளை பெற்ற ஒருத்திக்கு இரத்தம் நிற்காமல் போனது. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ஷிஃபானா மரமாய் நின்றாள். ஒரு மருத்துவிச்சி அவளைத் தோளால் தள்ளிவிட்டு, ஊசி ஏற்ற நரம்பைத் தேடிப் பிடித்தார். தாய் பிழைத்தாள். யாரும் ஏசவில்லை, ஏசியிருந்தாலாவது தேவலை. அன்றிலிருந்து பிரசவ வார்டுக்குப் போனால் தன் கையில் ஒரு தாய் செத்துப்போவாள் என்று உறுதியாக நம்பினாள்.

மூன்றரைக்குச் சத்திரசிகிச்சையைத் தெரிவு செய்தாள். அனுப்புவதுதான் மிச்சம். அப்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

மூத்த சகோதரி றிஷானா எட்டு மாத வயிற்றோடு வந்து பக்கத்துக் கதிரையில் மெல்ல அமர்ந்தாள்.

"இரத்தம் குறைவாம். பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தந்திருக்காங்க," என்று கிளினிக் அட்டையை நீட்டினாள். "பிள்ள பெறக்குள்ள எனக்கு இரத்தம் கூடப் போனா, முதல்ல ஆரு ஓடி வாற?"

"பயிற்சி டொக்டர்தான்."

"உன்னப் போல ஒரு பிள்ளையா?"

"ஓம் ராத்தா. என்னப் போல."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது ஷிஃபானாவுக்கு உறைத்தது. ஊசியோடு நின்ற கதையை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னாள், ஒன்றையும் மறைக்காமல். சொல்லி முடித்து அழுதாள்.

றிஷானாவுக்கும் பயம்தான். சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டுக் கையை மேசையில் நீட்டினாள்.

"எங்க, எண்ட நரம்பத் தேடு பாப்பம்."

ஷிஃபானா விரலால் தடவித் தேடினாள். முழங்கை மடிப்பில் அது அகப்பட்டது.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் தெரிவைப் பிரசவ வார்டாக மாற்றினாள். வலக்கையால் இரண்டு தரம் தவறான இடத்தில் அழுத்தி, மூன்றாம் தரம்தான் பட்டியல் போனது. போன பிறகும் பயம் போகவில்லை. இடக்கை மட்டும் ராத்தாவின் நரம்பை இன்னும் விடாமல் பிடித்திருந்தது.