செவ்வாய்க்கிழமைச் சக்களத்தி

என் கணவர் சிறிதரன் வெரிபீயில் பஸ் ஓட்டுகிறார். குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை. கேரம் டவுன்ஸ் கோயிலில் காணுகிற அன்ரிமார், "சுஜீவா, நீ குடுத்து வைச்சனி" என்பார்கள். செவ்வாய்க்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அமெரிக்காவில் திங்கள் இரவு நடக்கும் மல்யுத்த நிகழ்ச்சி எங்களுக்குச் செவ்வாய் மதியம் வந்துவிடும். முப்பது வருடத்துக்கு மேலாக வாராவாரம் நடக்கிறது. இவர் இங்கே வரமுதல், வெள்ளவத்தையில் சிநேகிதன் விக்னராஜாவோடு ஒரே அறையில் இருந்த காலத்தில், யாரோ பதிந்து கொடுத்த வீடியோ கசற்றில் பார்க்கத் தொடங்கினார். அப்போது அது ஒரு மணித்தியாலம். நான் கலியாணம் கட்டி வந்தபோது இரண்டு. பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது மூன்று. அதற்கு நேரம் கூடக்கூட எனக்குக் குறைந்தது. கொரோனாவில் சனமில்லாத மண்டபத்தில் அடிபட்டார்கள். அதையும் இவர் விடவில்லை.

விக்னராஜாவும் இப்போது இதே நாட்டில்தான், சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கிறார். வேலை முடிந்து ஏழு மணிக்கு இரண்டு பேரும் போனை ஸ்பீக்கரில் போட்டு, ஒரே நேரத்தில் நிகழ்ச்சியைத் தொடங்குவார்கள். அதுவரை யாரும் முடிவைச் சொல்லக்கூடாது. சிரிப்பு குசினிவரை கேட்கும். அப்படி அவர் என்னோடு சிரித்ததில்லை. ஒருமுறை நானும் பக்கத்தில் இருந்து, "உவை உண்மையா அடிபடுகினமோ?" என்று கேட்டேன். "பிறகு சொல்லுறன்" என்றார். இன்னும் சொல்லவில்லை. மீசை வைத்த சக்களத்தியோடு நான் என்னத்தைச் செய்வது?

போன கிழமை பொறுக்க முடியவில்லை. பெரிய பட்டப் போட்டி என்று ஒரு மாதமாக இரண்டு பேருக்கும் அதே கதை. நான் வேலைக்கு லீவு போட்டு, மதியமே முழுவதையும் பார்த்து முடித்தேன். அவர் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, உங்கட ஆள் தோத்துப்போனார். அவற்ற கூட்டாளிதான் கதிரையால அடிச்சு விழுத்தினவன்."

அவருடைய முகம் விழுந்துவிட்டது. முகம் கழுவப் போனார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இன்றைக்காவது என்னோடு இருந்து சாப்பிடுவார் என்று இடியப்பத்தைச் சூடாக்கினேன்.

ஏழு மணிக்குப் போன் அடித்தது.

"மச்சான், ஆரும் ரிசல்ட் சொல்லேல்லைத்தானே?" விக்னராஜாவின் குரல்.

"இல்லையடா. ஒண்டும் தெரியாது. போடு, பாப்பம்" என்றார் இவர்.

கதிரை அடி விழுந்தபோது இவர் துள்ளி எழும்பினார். "ஐயோ, உவனையோ நாங்கள் நம்பினது" என்று தலையில் கை வைத்தார். அந்தப் பக்கத்தில் விக்னராஜா குழற, இவரும் சேர்ந்து குழறினார். அந்த ஆளின் சந்தோசம் கெட்டுவிடக் கூடாதென்று கடைசிவரை ஒன்றும் தெரியாதவர்போலவே இருந்தார்.

நான் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கதையை நான் இரண்டாம் தரம் சொல்லத் தொடங்கினால், "உது முந்தியே சொன்னனீர்" என்று எழும்பிப் போகிற மனுசன் அவர்.